புரட்டாசியில் கேட்ட கேள்வி

பாகூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் சொன்னாள்:

"ஊரே மீனு வாணாம்னு சொல்லிச்சுடி. நானும் நம்பிட்டேன்."

"எந்த ஊரு?"

"பாகூர்தான். வறுத்த மீனு கடை போட்டா வாங்குவீங்களான்னு வூடு வூடா போயி கேட்டேன். எங்க வீராம்பட்டினத்துல வூட்டுக்கு வூடு மீனு, எவ காசு குடுத்து வாங்குவா? அதான் இங்க வந்தேன். கடை ஓடும்னா சொல்லு, துபாய் வேலைய வுட்டுட்டு வந்துடறேன்னு எங்க வூட்டுக்காரரு சொல்லியிருந்தாரு."

"எப்ப கேட்ட?"

"புரட்டாசில."

பக்கத்தில் இருந்தவள் முழுதாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். "பெருமாளுக்கு விரதம் இருக்கறவங்ககிட்ட போயி மீனு வாங்குவியான்னு கேட்டா, எவ வாங்கறேம்பா?"

"கடக்கரையில பொறந்தவடி நானு. எங்க வூட்ல எந்த மாசம் மீனு இல்லாம இருந்துச்சு? எனக்குத் தோணவே இல்ல. அவங்களும் காரணம் சொல்லல, வாணாம்னு மட்டுந்தான் சொன்னாங்க."

கிருமாம்பாக்கத்தில் கூட்டம் ஏறியது. பஸ் கிளம்பியதும் ஜன்னலோரத்தில் இருந்தவள் தொடர்ந்தாள்:

"இன்னிக்கு அவங்களே கூப்பிட்டு, மாசம் முடிஞ்சிடுச்சே, எப்ப கடை போடறன்னு கேக்கறாங்க."

"அப்ப அவர வரச் சொல்லேன்."

"யாருக்கும் வாணாமாம்னு நான் போன்ல சொன்ன மறுநாளே, கம்பெனில இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாரு."

வெளியே பார்த்துக்கொண்டே அவளே சொன்னாள்:

"இன்னும் ரெண்டு புரட்டாசி போவணும்."