மூன்று வினாடியும் பதினொரு வளைவும்

உங்கள் ஜீப்பின் முன்பக்க இடது பிரேக் கத்துகிறது, சார். என்னைக் கூட்டிக்கொண்டு வரும்போதே கவனித்தேன். பேட் தேய்ந்துபோய் இரும்பு இரும்பில் உரசுகிற சத்தம் அது. ஓட்டுகிறவரிடம் சொன்னேன், அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கைவிலங்கு போட்டவன் சொன்னால் என்ன, பிரேக் பிரேக்தானே. இந்த வாரத்துக்குள் மாற்றிவிடுங்கள்.

எல்லாவற்றையும் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், சொல்லத்தான் போகிறேன். அந்தக் காகிதத்தை மட்டும் என் பக்கம் தள்ளாதீர்கள். கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அப்படியே இருக்கட்டும்.

செத்தவன் என் தங்கையின் கணவன். எனக்கு மாப்பிள்ளை. நாங்கள் இருவரும் பதினைந்து வருஷம் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள். ஸ்போர்ட்ஸ் கார்கள் மட்டும் வருகிற பட்டறை. அவனுக்கு எஞ்சின், எனக்கு பிரேக்கும் சஸ்பென்ஷனும். கல்யாணத்துக்கு முன்னால் வாடா போடா என்று பேசிக்கொண்டிருந்தோம். தங்கையைக் கட்டிக்கொடுத்த பிறகு நேரில் 'நீங்க' ஆகிவிட்டது. மனதுக்குள் எப்போதும் 'அவன்'தான்.

பட்டறையில் அவனுக்கு 'மூணு செகண்டு' என்று பட்டப்பெயர். எந்தக் கார் வந்தாலும் அவன் கேட்கிற முதல் கேள்வி, நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை செகண்டு என்பதுதான். மூன்றுக்குள் என்றால் அது கார். நான்கு என்றால் குடும்ப வண்டி. ஐந்து என்றால் மாவு மிஷின். பட்டறைக்குப் பின்னால் மூடிக்கிடக்கிற தொழிற்சாலை ஒன்று இருக்கிறது, அதற்குள் நேர்கோடாக ஒன்றரைக் கிலோமீட்டர் ரோடு. வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து அங்கே ஒரே மிதி மிதிப்பான். அவர்கள் இறங்கும்போது முகம் வெளுத்து, வாயெல்லாம் பல்லாக இருக்கும். அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடுவார்கள். அந்த வண்டி எங்கே, எப்படி நின்றது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அதை நிற்கவைத்தது நான்.

நேராகப் போவதில் என்ன சாமர்த்தியம், சார்? மாடியிலிருந்து விழுகிற பூந்தொட்டிகூட நேராகத்தான், வேகமாகத்தான் போகிறது. ஒரு கார் எப்படித் திரும்புகிறது, எப்படி நிற்கிறது, பத்து முறை நிறுத்திய பிறகும் பதினோராவது முறை அதே மாதிரி நிற்கிறதா, அதில்தான் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இதை நான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் சிரிப்பான். "மச்சான், நிக்கிறதுக்கு யாராவது காசு குடுத்துக் கார் வாங்குவாங்களா?" என்பான். பட்டறையே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அப்போது எங்களுக்குள் பகை இல்லை.

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால்தான் மற்றது உங்களுக்குப் புரியும். பிரேக்கில் கை வைத்தவன் எவனோ அவனே வண்டியை வெளியே எடுத்துப் போய், ஒரு சுற்று ஓட்டி, மூன்று முறை அழுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வந்து ஓட்டுநர் பக்கக் கதவின் விளிம்பில் சாக்பீஸால் தன் குறியைப் போட வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு குறி. என்னுடையது சின்ன வட்டம், நடுவில் புள்ளி. குறி இல்லாத வண்டியை எங்கள் ஆள் எவனும் தொடமாட்டான். குறி இருந்தால் ஒரு வார்த்தை கேட்கவும் மாட்டான். கேட்டால் அது அந்த மெக்கானிக்கைச் செருப்பால் அடித்த மாதிரி.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாள், என் தங்கை பட்டறைக்கு வந்தாள். அவர்களுடைய காருக்கு அன்று நான்தான் பிரேக் பார்த்தேன். புது பேட், புது ஆயில். இருவரும் எங்கேயோ விருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் குடையோடு பக்கத்திலேயே நின்று, "அண்ணா, நேரமாச்சு, வட்டத்தைப் போட்டு விடேன்" என்றாள். போட்டுவிட்டேன். அந்த ஒரு நாள் மட்டும் நான் சுற்றுப் போகவில்லை. அதைப் பெரிதாக எழுதிக்கொள்ள வேண்டாம். அத்தனை வருஷ வேலைக்காரனுக்கு அந்தச் சுற்று ஒரு சடங்குதான். என் கை எனக்குத் தெரியும்.

ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. ஈரமான வளைவில் கார் தடுப்பை உடைத்துக்கொண்டு இறங்கியிருந்தது. அவள் உட்கார்ந்திருந்த பக்கம்தான் நொறுங்கியது. அவனுக்கு ஒரு கை முறிந்தது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், என் அம்மாவுக்கும் முதலாளிக்கும் முன்னால், அவன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். "பிரேக் பிடிக்கல."

மூன்று செகண்டுக்காரன், மழையில், வளைவுக்குள் மிதித்துவிட்டுப் பழியைத் தூக்கி என் தலையில் போட்டுவிட்டான். எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. வேறு என்னவாக இருக்க முடியும்? ஆனால் கட்டுப்போட்ட கையோடு அழுகிற மாப்பிள்ளையை நம்பாமல் என்னையா நம்புவார்கள்? அவன் பெரிய மனுஷன் மாதிரி, போலீஸ் கேஸ் வேண்டாம், குடும்பத்துக்குள் எதற்கு என்று சொல்லிவிட்டான். விபத்து என்று எழுதி மூடினார்கள். கார் யாரும் தொடாமல் உங்கள் கிடங்குக்குப் போனது.

அதற்குப் பிறகு என் வட்டத்தைப் பட்டறையில் ஒருவரும் ஏற்கவில்லை. முதலாளி நல்லவர், வேலையைவிட்டு அனுப்பவில்லை; என்னைப் பாலிஷ் போடும் பக்கம் மாற்றினார். நாலு வருஷம் கார் துடைத்தேன், சார். வீட்டில் அம்மா வேளாவேளைக்குத் தட்டு வைத்தாள், துணி துவைத்தாள், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பேச வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவன் வாராவாரம் வந்து அவளோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போவான். அவனுக்கு அவள் தன் கையால் பரிமாறுவாள். நான் உள்ளறையில் உட்கார்ந்து கரண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இருந்தாலும் நான் எதுவும் செய்திருக்கமாட்டேன். அவன் என்னை மன்னிக்காமல் இருந்திருந்தால்.

மூன்று மாதம் முன்பு அவன் சொந்தமாக ஒரு கார் வாங்கினான். பழையதுதான், ஆனால் எஞ்சினைப் பிரித்துப் போட்டு இரண்டே முக்கால் செகண்டுக்குக் கொண்டுவந்திருந்தான். பட்டறையில் எல்லோரும் சுற்றி நிற்கையில் என் தோளில் கை போட்டான். "இதுக்கு பிரேக் வேலை மச்சான்தான் செய்யணும். நடந்தது நடந்துபோச்சு. நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். என் வண்டியில அவரு குறி போடட்டும், நான் ஓட்டுறேன்" என்றான். யாரோ கை தட்டினார்கள். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. நான் தலையாட்டினேன். தங்கையைக் கொன்றவன் எனக்கு மன்னிப்புக் கொடுக்கிறான். அதை நான் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

பிரேக்கைக் கெடுக்க வேண்டியதில்லை, சார். ஆயிலை மாற்றாமல் விட்டால் போதும். பழைய பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். குளிர்ந்திருக்கும்போது பெடல் கல் மாதிரி நிற்கும், யாருக்கும் சந்தேகம் வராது. அடுத்தடுத்து அழுத்திச் சூடேறினால் மட்டும் உள்ளே கொதித்துவிடும். அப்புறம் பெடலை மிதித்தால் தரைவரைக்கும் போகும், வண்டி நிற்காது. பேட், டிஸ்க் எல்லாம் புதிதாகப் போட்டேன். ஆயில் டப்பாவின் வெளிப்பக்கத்தைத் துடைத்துப் பளபளவென்று வைத்தேன். பாலிஷ் போட்ட அனுபவம் வீண்போகவில்லை.

இதில் ஒரு நியாயம் இருப்பதைக் கவனியுங்கள். நேர் ரோட்டில் ஒரு ஓட்டம், ஒரு நிறுத்தம், மெதுவாகத் திரும்பி வருவதற்குள் எல்லாம் ஆறிவிடும். இரண்டு வாரம் அவன் அப்படித்தான் ஓட்டினான், ஒரு குறையும் இல்லை. அவன் கடைசிவரை தன் கொள்கையிலேயே நின்றிருந்தால் இன்றைக்கும் உயிரோடு இருப்பான். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் நேராகச் சீறுவது மட்டும்தான் என்று நம்புகிறவனுக்கு அந்தக் காரால் ஆபத்தே கிடையாது.

ஆகவே நான் அவனோடு பழைய விவாதத்தை மறுபடி ஆரம்பித்தேன். டீ வேளையில்தான், எல்லோரும் இருக்கும்போது. நாலு வருஷமாக வாயைத் திறக்காதவன் பேசுகிறான் என்று எல்லோருக்கும் சந்தோஷம். அவனுக்கும்தான். நேர் ரோட்டில் யாரும் ஹீரோ ஆகலாம், கைவிட்ட கல்குவாரிக்குப் போகிற மலைப்பாதையில் மேலிருந்து கீழே பதினொரு வளைவு, அதில் காட்டட்டும் என்றேன். முதல் நாள் சிரித்தான். இரண்டாம் நாள் எரிச்சல்பட்டான். மூன்றாம் நாள் நான் மெதுவாக, "வளைவுன்னா நம்ம மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் பயம். அவரைக் கட்டாயப்படுத்தாதீங்கப்பா" என்றேன். டீ கிளாஸ்கள் அப்படியே நின்றன. எந்த வளைவைச் சொல்கிறேன் என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஞாயித்துக்கிழமை காலைல வரேன்" என்றான் அவன். தோற்றவன் எல்லோர் முன்னாலும் 'நான் சொன்னது தப்பு' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பந்தயம்.

சனிக்கிழமை நானே அந்தக் காரை எடுத்துப்போய் மலையில் இறக்கிப் பார்த்தேன். ஏழாவது வளைவில் பெடல் தொய்ந்தது. கைபிரேக்கைப் போட்டு நிறுத்தி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, திரும்ப மிதித்தேன், பழையபடி கல். பட்டறைக்கு வந்து, அழிந்துபோயிருந்த குறியின்மேல் மறுபடி வட்டம் போட்டுப் புள்ளி வைத்தேன். இந்த முறை பழக்கத்தில் எந்தக் குறையும் வைக்கவில்லை.

ஞாயிறு பத்து மணி. நல்ல வெயில். பட்டறைக்காரர்கள் கீழே நின்றார்கள். நானும் அவனும் மட்டும் மேலே போனோம். கதவைத் திறந்தவன் விளிம்பிலிருந்த வட்டத்தைப் பார்த்தான். விரலால் அதைத் தொடாமல், பக்கத்தில் மட்டும் தடவினான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்: "மச்சான், இங்க யாரும் இல்ல. உங்களுக்கும் எனக்கும் மட்டும் சொல்றேன். அன்னிக்கு நான் வேகமா போகல. அவ பக்கத்துல இருந்தா நான் எப்பவும் மெதுவாத்தான் போவேன். கால வெச்சேன், பெடல் தரைக்குப் போயிடுச்சு. உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. இதை மட்டும் நம்புங்க."

கேட்க ஆளில்லாத மலையுச்சியில்கூடப் பொய் சொல்கிறானே என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. ஒரு மனுஷன் தன் பொய்யைத் தானே நம்ப ஆரம்பித்துவிட்டால் அவனை என்ன செய்வது? "நம்புறேன் மாப்பிள்ளை. நல்லா அழுத்தியே போங்க" என்றேன். அதுவரை எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது என்று எழுதிக்கொள்ளலாம். அதன் பிறகு இல்லை.

குறுக்குவழியாக இறங்கி, ஆறாவது வளைவின் உள்பக்கப் பாறைமேல் போய் நின்று கை அசைத்தேன். என் கையில் ஸ்டாப்வாட்ச். நன்றாகத்தான் ஓட்டினான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வளைவையும் அழகாக வெட்டினான். நேராக மட்டும்தான் ஓட்டத் தெரியும் என்று நான் சொன்னது தப்புதான். என்னைக் கடந்து ஏழாவதை நோக்கிப் போகும்போது பின்னால் பிரேக் விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. அது எரிந்தால் பெடலில் கால் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு கார் வளையாமல் நேராகப் போனது. வாட்சை நிறுத்தினேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் சொன்ன வாக்கியத்தை நான் உண்மையாக்கிக் கொடுத்தேன். பிரேக் பிடிக்கவில்லை. வேண்டுமென்றே செய்தேன். நான் மட்டும்தான் செய்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

காரியம் முடிந்ததும் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நாலு வருஷத்தில் முதல் முறை. ரொம்ப நேரம் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் எழுந்துபோய் உங்களுக்குப் போன் செய்தாள். பரவாயில்லை, பார்த்தாள் அல்லவா.

வேண்டாம் என்று சொன்னேனே, சார். நீங்களே படிக்கிறேன் என்றால் படியுங்கள், உங்கள் காகிதம்.

"பழைய காரை நேத்து கிடங்குலேர்ந்து எடுத்துப் பார்த்தோம். முன் இடது சக்கரத்துல, ஆயிலை வெளிய விடுற நிப்பிளை இறுக்கவே இல்ல. கையால திருகி அப்படியே விட்டிருக்கு. மிதிக்க மிதிக்க ஆயில் வெளியே போயிருக்கு. உங்க மாப்பிள்ளை சொன்னது உண்மைதான்."

கேட்டேன். நாலு வருஷம் கிடங்கில் கிடந்த வண்டி, சார். மழை, வெயில், யார் யாரோ கை வைத்திருப்பார்கள். நிப்பிள் தானாகக்கூடத் தளர்ந்திருக்கும். இதையெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதைவிடுங்கள். அந்த ஜீப்பைக் கொஞ்சம் முற்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், கைவிலங்கை மட்டும் கழற்றுங்கள். அரை மணி நேரத்தில் பேட் மாற்றித் தந்துவிடுகிறேன். யாரும் ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. என் கை எனக்குத் தெரியும்.