விருப்பம் மதிக்கப்பட்டது

ஆம்புலன்ஸ் வருவதற்குள் இட்சுகோ அம்மாளின் தலையை வாரி முடித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாகச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். பின்னந்தலையை ஒரு கையால் தாங்கிப் பிடித்து, நுனியிலிருந்து பிரித்து, கொண்டை போட்டு, ஊசியைச் செருகவும் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. பெரிய இடத்துப் பெண்மணி. முன்பின் தெரியாத ஆண்கள் தூக்கிக்கொண்டு போகும்போது தலைவிரி கோலமாகவா போவது?

வந்தவர்களில் ஒருவர் அவருடைய புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் மடிப்பு மடிப்பாக அப்படியே நின்றது.

"எத்தன நாளாம்மா இவங்க தண்ணி குடிக்கல?"

நான் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அந்த நோட்டுத்தான் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. ஆகஸ்ட் பதினொன்று முதல் பதினாறு காலை வரை, வேளை தவறாமல் ஒரே வாசகம். 'தண்ணீர் வேண்டுமா என்று கேட்கப்பட்டது. வேண்டாம் என்றார். விருப்பம் மதிக்கப்பட்டது.' கையெழுத்து முத்து முத்தாக இருப்பதாக நேற்றுச் சொன்னீர்கள். மகிழ்ச்சி.

என்னைப் பற்றி விசாரித்திருப்பீர்கள். குதோ நொபுயோ, வயது ஐம்பத்து மூன்று, வடக்கே அவோமோரியில் பிறந்தவள். கியோட்டோவுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. இந்த முதியோர் இல்லத்தின் மாடி, ஒன்பது பேர், ஆறு வருடமாக என் பொறுப்பு.

அதற்கு முன் வேறோர் இல்லத்தில் இருந்தேன். அங்கே தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவரை, "குட்டிப் பையா, ஆ காட்டு" என்பார்கள். காட்டாவிட்டால் மூக்கைப் பிடிப்பார்கள். மூச்சுக்கு வாய் திறந்துதானே ஆக வேண்டும்? திறந்ததும் கரண்டி உள்ளே போகும். அவர் கண்ணிலிருந்து நீர் வழியும். கஞ்சி சூடு போல என்று சிரிப்பார்கள்.

என் மாடியில் அதெல்லாம் கிடையாது. கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தாத்தா, பாட்டி என்று கூப்பிடக் கூடாது, பெயர் இருக்கிறது. அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இந்த விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியவள் நான். மற்ற இல்லங்களிலிருந்து வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இட்சுகோ அம்மாளுக்கு எண்பத்தெட்டு. பட்டு நெசவு வியாபாரக் குடும்பம். வாதம் வந்து இரண்டு கையும் தூக்க வராது. யாராவது வாயில் வைத்தால்தான் எதுவும். அவருக்கு மகன் பெயர்கூட மறந்துவிட்டது. ஆனால் மரியாதை மறக்கவில்லை. படுக்கை விரிப்பை மாற்றினால்கூட, "உங்களுக்கு எவ்வளவு சிரமம் குடுக்கறேன்" என்று தலையைத் தாழ்த்துவார்.

ஓபோன் பண்டிகை வந்தது. முன்னோருக்கு விளக்கேற்ற ஊருக்குப் போக வேண்டும் என்று என்னோடு வேலை செய்யும் இரண்டு பேரும் விடுப்பு எடுத்தார்கள். சமையல்காரி கிமியேவும் போனாள். போகும்போது, "அக்கா, நீங்க ஒத்த ஆளா என்ன செய்வீங்க? உங்களுக்கென்ன பத்து கையா?" என்று கேட்டாள். இட்சுகோ அம்மாளை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என் நேரம் போக மீதி நேரத்துக்குத் தற்காலிகமாக வேலைக்கு வந்த பெண்களுக்காக அவர் கட்டிலருகே ஒரு சீட்டு எழுதி வைத்தேன். 'ஒருமுறை மட்டும் கேட்கவும். வற்புறுத்த வேண்டாம்.' நல்ல பெண்கள். அப்படியே செய்தார்கள்.

நானும் அப்படித்தான். காலையில் மண்டியிட்டு உட்கார்ந்து, டம்ளரை அவர் கண்ணுக்கு நேரே பிடித்து, "தண்ணி குடிக்கறீங்களாம்மா?" என்பேன்.

"ஐயோ, எனக்கெதுக்கு? உங்களுக்குத்தான் சிரமம்."

"சரிங்கம்மா."

தலை வணங்கி எழுந்துவிடுவேன். கஞ்சியும் அதே மாதிரிதான். மாத்திரைக்கு இரண்டு கரண்டித் தண்ணீர், அது மருத்துவர் உத்தரவு, அதைக் கொடுத்தேன். டம்ளரை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போவேன். அடுத்த வேளை வரும்போது அவர் முகம் அந்தப் பக்கமே திரும்பியிருக்கும்.

மூன்றாம் நாள் உதடு வெடித்தது. வாசலின் தடவினேன். நான்காம் நாள், "இன்னிக்கு வெயில் ரொம்ப அதிகம் போலிருக்கே" என்றார். அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமாங்கம்மா, முப்பத்தெட்டு டிகிரியாம்."

டம்ளரையே பார்த்தார். பிறகு, "பாவம், காலையிலேருந்து ஓடறீங்க. உங்களுக்கு நா வறண்டிருக்குமே. நீங்க குடிங்களேன்" என்றார்.

குடித்தேன். அவர் எதிரிலேயே, கடைசிச் சொட்டு வரை. மரியாதைக்குரிய ஒருவர் சொல்லும்போது தட்டக் கூடாது. அவர் தொண்டை இரண்டு முறை ஏறி இறங்கியது.

ஐந்தாம் நாளிலிருந்து பேச்சு குறைந்தது. கேட்டேன். தலையை மட்டும் லேசாக அசைத்தார். பதினாறாம் தேதி காலை, தற்காலிகப் பெண் ஒருத்திதான் பயந்துபோய் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். மாலையில் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது.

மறுநாள் கிமியே ஊரிலிருந்து வந்தாள். உங்கள் ஆட்களிடம் அவள் போட்ட கூச்சல் கீழ்த்தளம் வரை கேட்டது.

"வேண்டாம்னு சொன்னா வேண்டாம்னா அர்த்தம்? இது கியோட்டோங்க! அந்தம்மா காலத்து ஆளுங்க ரெண்டு தடவ வேண்டாம்பாங்க, மூணாவது தடவ கேட்டாத்தான் வாங்குவாங்க. மொதத் தடவையே கைநீட்டினா பறக்காவெட்டின்னு பேர் வந்துடும். இதுகூடத் தெரியாம… ஆனா அக்காவத் திட்டி என்ன பண்றது? வடக்கத்திப் பொம்பள. கேட்டா கேட்டதுக்கு ஆமா இல்லன்னு பதில் சொல்ற ஊரு. அதுக்கு இந்த நெளிவு சுளிவெல்லாம் எப்படித் தெரியும், பாவம்!"

என்னைக் காப்பாற்றத்தான் பேசினாள். காப்பாற்றியும்விட்டாள். நீங்கள் தட்டச்சு செய்து என் முன்னால் வைத்திருக்கிற தாளில் அதுதான் இருக்கிறது: 'வடக்குப் பகுதியைச் சேர்ந்தவர் என்பதால் உள்ளூர் வழக்கம் அறியாமல் நேர்ந்த கவனக்குறைவு.' கையெழுத்துப் போட்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். உங்கள் நல்ல மனதுக்கு நன்றி.

ஆனால் போட முடியாது.

இரண்டு வருடத்துக்கு முன், வசந்தத்தில், இட்சுகோ அம்மாளைப் பார்க்க உறவுக்காரப் பெண்கள் நான்கு பேர் வந்தார்கள். செர்ரி இலையில் சுற்றிய பலகாரம் ஒரு பெட்டி நிறைய. "நொபுயோம்மா, மொதல்ல நீங்க எடுத்துக்குங்க" என்றார். எடுத்து வாயில் போட்டேன். அவர் பட்டுப் போன்ற குரலில், விருந்தாளிகள் பக்கம் திரும்பி, "வடக்கே குளிர் ஜாஸ்தி இல்லையா? வயிறு காத்திருக்காது, பாவம்" என்றார். நான்கு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பிறகு பெட்டி அவர்களிடம் போனது. வேண்டாம் என்றார்கள். மறுபடி போனது. ஐயோ வேண்டாம் என்றார்கள். மூன்றாவது முறை நான்கு பேரும் எடுத்துக்கொண்டார்கள். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, ஐயா. அவருடைய வார்த்தைக்கு, வார்த்தைப்படியே மதிப்புக் கொடுத்தேன், அவ்வளவுதான். ஆனால் இந்தத் தாளைப் படிக்கிறவர்கள், கிமியே உட்பட, பாவம் வடக்கத்திக்காரி என்று சொல்வார்களே, அதை என்னால் தாங்க முடியாது. எனக்கும் மானம் மரியாதை உண்டு. தயவுசெய்து 'அறியாமல்' என்ற சொல்லை அடித்துவிடுங்கள்.

மாடியில் இருந்த மற்ற எட்டுப் பேரும் இந்த ஊர்க்காரர்கள்தான். அந்த ஆறு நாளும் அவர்கள் ஒவ்வொருவரிடமும் மூன்று முறை கேட்டேன்.