நிமிர்ந்து உட்கார வேண்டிய அரை மணி

— தூக்குடீ என்னை. புருஷன் தரையில கிடக்கறான், இவ நாற்காலியில மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கா.

— குனியக் கூடாதுங்க. எலும்புக்கு வாரம் ஒரு தடவை போடற மாத்திரை போட்டு இன்னும் அரை மணி ஆகல. குனிஞ்சா தொண்டைக்கு ஏறி வந்து புண்ணாக்கிடும்.

— மாத்திரையாவது மண்ணாவது. நான் எழுந்தேன்னா உன் வாயில ஒரு பல்லு மிஞ்சாது.

— எழுந்திருங்க, பார்க்கலாம்.

— ஐயோ... அம்மா...

— அசையாதீங்க. இடது கால் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கு. நீளமும் குறைஞ்சு தெரியுது. இடுப்புதான் போயிருக்கு. விழுந்தப்ப சத்தம் கேட்டுச்சே, காஞ்ச விறகை ஒடிச்ச மாதிரி.

— நீதான்டீ தள்ளின.

— நான் எங்க தள்ளினேன்? சம்மட்டிக் காம்பை ஓங்கினீங்க. நான் அதோட முனையைப் பிடிச்சேன். நீங்க இழுத்தீங்க. நான் விடல. அவ்வளவுதான்.

— விட்டிருக்கணும்.

— நாற்பத்திரண்டு வருஷமா விட்டேனே.

— பொட்டச்சி ஒருத்தி பிடிச்சு நான் சாயறதா? கல்குவாரியில முப்பது வருஷம் சம்மட்டி போட்டவன்டீ. பாறையைப் பிளந்த கை இது.

— பிளந்தது அந்தக் காலம். குவாரியை விட்டுப் பதினஞ்சு வருஷமா கட்டில்ல கிடந்து சிகரெட் இழுத்தீங்க. நாலு விரல் உயரம் குறைஞ்சு கூன் விழுந்துடுச்சு. இவருக்கும் ஸ்கேன் எடுக்கணும்னு எலும்பு டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாங்க.

— ஆம்பளைக்கு எலும்பு தேயுமா? அது பொம்பளை நோய்.

— அப்படிச் சொல்லித்தான் அவங்க முகத்துக்கு நேரா சிரிச்சீங்க.

— போனை எடு. ஆம்புலன்ஸைக் கூப்பிடு.

— பொறுங்க.

— என்னத்தைப் பொறுக்கறது? உயிர் போகுதுடீ.

— போகாது. எனக்கு மணிக்கட்டு உடைஞ்சப்ப ரெண்டு நாள் ஆஸ்பத்திரிக்கு விடல நீங்க. உயிர் போகல. விலா உடைஞ்சப்ப அஞ்சு நாள் நின்னு சமைச்சேன்.

— அது தானா உடைஞ்சது. எலும்பு தேஞ்சு போச்சுன்னு டாக்டரே எழுதிக் கொடுத்தாளே.

— அந்தச் சீட்டு வந்த நாள்லேர்ந்து உங்களுக்குக் கொண்டாட்டம். அடிக்கறது நீங்க, பழி நோய் மேல. இருமினதுல விலா உடைஞ்சுதுன்னு நீங்களே டாக்டரம்மாகிட்ட சொன்னீங்க. நானும் தலையாட்டினேன். அவங்க என் முகத்தையே பார்த்தாங்க. வேற ஒண்ணும் கேட்கல. எலும்பு நோய்க்காரங்களுக்கு நடத்தற உடற்பயிற்சி வகுப்புக்கு வாம்மான்னு மட்டும் சொன்னாங்க.

— அந்த வகுப்புதான் உன்னைக் கெடுத்தது. கிழவிங்க கூடிக்கிட்டுக் குதிக்கறது.

— யாரு குதிச்சா? கையை ஊனாம நாற்காலியிலேர்ந்து பத்துத் தடவை எழுந்திருக்கணும். முதல் நாள் என்னால ரெண்டு தடவைகூட முடியல. உங்க பழைய கால்சட்டையை வெட்டி, மணல் அடைச்சுத் தைச்சு, கால்ல கட்டித் தூக்கினேன். சுவரோரமா ஒத்தக்கால்ல நின்னேன். ஒன்றரை வருஷம்.

— அறுபது தாண்டின பயில்வான்.

— சிரிக்காதீங்க, வலிக்கும். சத்தா சாப்பிடச் சொன்னாங்கன்னு எனக்கு ஒரு முட்டை வேகவெச்சேன். அதைச் சுவர்ல அடிச்சீங்க. எலும்புக்கு வெயில் படணும்னு வாசல்ல உட்கார்ந்தேன். எவனுக்குக் காட்டறேன்னு தலைமயிரைப் பிடிச்சு உள்ள இழுத்தீங்க.

— இழுத்தேன். இனிமேலும் இழுப்பேன்.

— இன்னைக்கு வகுப்புக்குப் போறேன்னு சொன்னதுக்கு, கால் இருந்தாத்தானே போவேன்னு முழங்காலைப் பார்த்து ஓங்கினீங்க.

— மண்டையைப் பார்த்து ஓங்கியிருக்கணும். மணிக்கட்டோட விட்டது என் தப்பு.

— அதைச் சொல்லுங்க. மணிக்கட்டை யாரு உடைச்சது?

— ...நான்தான். வாசற்படியில வெச்சு மிதிச்சேன். போதுமா? கூப்பிடு.

— விலாவை?

— நான்தான்.

— எதுக்கு?

— யாருக்குடீ ஞாபகம் இருக்கு?

— எனக்கு இருக்கு. கதவைத் திறக்க நேரமாச்சுன்னு.

— தண்ணியாவது கொடு. நாக்கு ஒட்டுது.

— கூடாது. ஆபரேஷன்னு சொன்னாங்கன்னா வயிறு காலியா இருக்கணும்.

— யாருடீ சொல்லப்போறா? விழுந்ததுலேர்ந்து பார்க்கறேன், போனைத் தொடவே இல்ல நீ. கிடந்து சாகட்டும்னு உட்கார்ந்திருக்க. ஆனா உன் கண்ணு என் கையை விட்டு நகரல, எனக்குத் தெரியுது.

— நகரத்தான் மாட்டேங்குது. உங்களைப் பார்த்தா வர்ற பயம் இன்னும் போகல. நீங்க எழுந்திருக்க முடியாதுன்னு புத்திக்குத் தெரியுது, கண்ணுக்குத் தெரியல.

— ஏம்மா. இந்தா, கும்பிட்டுக் கேட்கறேன். இந்த வயசு வரைக்கும் உன்கிட்ட கும்பிட்டதில்ல. ஒரே ஒரு போன்.

— கையை இறக்குங்க. இடுப்பு அசையுது பாருங்க... வாசல்ல யாரோ. கதவு திறந்துதான் இருக்கு, உள்ள வாங்க.

— ஆம்புலன்ஸ்மா. அறுபத்தி நாலு வயசுப் பெண், எலும்பு முறிவுன்னு எழுதியிருக்கு. நோயாளி எங்க? இங்க ஐயால்ல கிடக்கறாரு.

— எழுதினது சரிதான் தம்பி. எனக்காகத்தான் கூப்பிட்டேன். இவர் என்னை அடிக்கறதுக்குக் கட்டை தேடக் கொல்லைப்பக்கம் போயிருந்தப்ப.