மொட்டைமாடியில் ஆடிய கை

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் ஏறிய கரி பஸ், ராஜபாளையம் போய்ச் சேருமுன் வழியில் மூச்சடைத்து நின்றது. கண்டக்டர் இறங்கி, பஸ்ஸின் பின்னாலிருந்த கரி அடுப்பை ஊதிவிடும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த, நாற்பதைத் தாண்டிய மனிதர் பக்கத்திலிருந்த அம்மாளிடம் சொன்னார்:

“பாக்கியம், உங்க வீட்டு மொட்டமாடிய நான் ஆகாசத்துல இருந்து பாத்திருக்கேன்.”

கரி மெதுவாகவே பற்றட்டும் என்று நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

“எப்பம் அத்தான்?”

“தபால் ஏரோப்ளேன் ஓட்டுனப்பம். அதுக்காவத்தான ஒன்னக் கட்ட மாட்டேன்னேன், அப்பா நெலத்தயும் வித்தேன். போயி என்னத்தக் கண்டேன்? ஊரு கடுதாசியெல்லாம் சுமந்தேன். எனக்குன்னு ஒரு கடுதாசி வந்ததில்ல.”

“விட்டுட்டு வந்திருக்கலாம்ல?”

“விடத்தான் நெனச்சேன். கடைசியா ஒருக்கா உங்க ஊரு சோழபுரத்து மேல தாழ்வா வந்தேன். நீ மாடியில நின்னு எம்புட்டு நேரம் கையாட்டுன! நான் பறக்கதப் பாத்துச் சந்தோசப்பட ஒரு சீவன் இருக்குன்னு, பொறவும் ஏழெட்டு வருசம் ஓட்டுனேன்.”

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

“அந்தப் பாவி நீங்கதானா? காயப்போட்ட மொளகா வத்தல் பூராவும் பறந்துபோயி கெணத்துல விழுந்துச்சு. நான் வெளக்கமாத்த ஆட்டி ஏசிக்கிட்டு நின்னேன்.”



“மேல இருந்து பாக்கையில வெளக்கமாறாத் தெரியலயே, ஏட்டி.”

“செத்த எறங்கி வந்து கேட்டிருந்தா, அப்பவே சொல்லியிருப்பேன்ல.”