பாகூர் ஏரிக்கரையில் ஒரு ராக்கெட்

— ஜாக்கெட் தைக்க வரலன்னா அப்புறம் இன்னாத்துக்குக்கா வந்தீங்க? வந்ததுல இருந்து எதிர் வூட்டையே பாத்துகினு உக்காந்திருக்கீங்க.

— கண்டுபுடிச்சிட்டியா பாயம்மா? சரி, மறைச்சி இன்னா ஆவப்போவுது. என் பேரு அமுதம். அரியாங்குப்பத்துல இருந்து வரேன். எதிர் வூட்டு செல்வகுமாரியைப் பொண்ணு பாத்துட்டுப் போனாங்க இல்ல, அந்த மாப்ள கலைவேந்தனுக்கு நான் அத்தை.

— அப்படிச் சொல்லுங்க. இப்படி மெஷின் பக்கமா நகந்து உக்காருங்கக்கா, அங்க வெயில் அடிக்குது. தண்ணி குடிக்கிறீங்களா?

— தண்ணியெல்லாம் அப்புறம். வில்லியனூர்ல யாரைக் கேட்டாலும், டெய்லர் சுரையாவுக்குத் தெரியாம இந்தத் தெருவுல ஈ பறக்காதுன்றாங்க. உள்ளதை உள்ளபடி சொல்லு. பொண்ணு எப்படி?

— நல்ல பொண்ணு. போன மழையில என் கடையில தண்ணி பூந்துச்சு. யாரும் கூப்பிடல. தானா எறங்கி வந்து துணி மூட்டையெல்லாம் அவங்க மாடிக்குத் தூக்கினு போனா.

— இதையேதான் எல்லாரும் சொல்றாங்க. பூக்காரி நல்ல பொண்ணுன்றா, மளிகைக் கடைக்காரன் நல்ல பொண்ணுன்றான். இத்தினி பேரு ஒரே மாதிரி சொன்னா எனக்கு நம்பிக்கை வரல.

— கெட்ட பொண்ணுன்னு சொன்னாதான் நம்புவீங்களா?

— நான் ஒண்ணும் தப்பா சொல்லலம்மா. வூட்ல உக்காந்தே வேலைன்றான் அவங்க அப்பன். அது இன்னா வேல? தெனம் ஒரு இங்கிலீஷ்காரன் போன்ல பேசுறானாமே?

— படக்கதைக்கா. லண்டன்ல ஒருத்தரு கதை எழுதுறாரு, இவ படம் போடுறா. அங்க புத்தகமா வருது.

— இன்னா கதை?

— நடக்காத சரித்திரம். நம்ம புதுச்சேரியை பிரெஞ்சுக்காரன் இங்கிலீஷ்காரன்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டான்னு வெச்சிக்குங்க. இங்கிலீஷ்காரன் பாகூர் ஏரிக்கரையில ராக்கெட் வுடுற எடம் கட்டுறான். மொத மொதல்ல நிலாவுக்குப் போறது அவன்தான்.

— பாகூர்லயா? அந்தக் கரும்புக் காட்டுலயா?

— கரும்பெல்லாம் அப்படியேதான் இருக்குது படத்துல. நடுவுல ராக்கெட் நிக்குது. ஏரிக்கரையில ஒரு எருமை நின்னு வேடிக்கை பாக்குது.

— எங்க பெரிய மாமனாரு பிரெஞ்சு பட்டாளத்துல சொல்தா, அதான் சிப்பாயா இருந்தவரு. அவரு இருந்திருந்தா இங்கிலீஷ்காரன் கொடி பறக்குறதைப் பாத்தே அடிக்கப் போயிருப்பாரு. பொய்யை எழுதி அதுக்குப் படம் வேறயா? பொய்யிலயே புழங்குற பொண்ணு வூட்ல மட்டும் நெஜம் பேசுமா?

— கதைக்கா அது. கதைன்னு சொல்லித்தானே குடுக்குறாங்க.

— சரி, கதையாவே இருக்கட்டும். இந்தா, இதுக்கு இன்னா சொல்ற? என் மவன் நவீன்குமாரு இதை எங்கிருந்தோ புடிச்சி என் போனுக்கு அனுப்பினான். அவ போட்ட படம்தான். நல்லா பாரு. ஒரு ஆம்பள கீழ கெடக்குறான். ஒருத்தி பக்கத்துல மண்டி போட்டுனு, ஒரு கையி அவன் தலைக்கு அடியில, ஒரு கையி இடுப்புல. சட்டை காலரு தெறந்து கெடக்குது! கல்யாணம் ஆவாத பொண்ணு வரையுற படமா இது?

— பொறுமைக்கா. அந்த ஆளுதான் ராக்கெட்டுக்குக் கேப்டன். இவ அவரு கூட ராக்கெட்ல போனவ.

— அதான் கேக்குறேன், கூடப் போனவ இன்னா பண்ணினு இருக்கா? இந்த மூஞ்சி யாரு மூஞ்சி? மனசுல ஒருத்தன் இல்லாம இப்படி வரைய முடியுமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு.

— நீங்க இவ்ளோ கேக்குறீங்க. நானும் ஒண்ணு கேக்கலாமா? பையனுக்கு ஒடம்பு எப்படி?

— கலைவேந்தனுக்கா? கல்லு மாதிரி இருக்கான். ஒரு ஜொரம்னு படுத்தது இல்ல.

— செங்கழுநீர் அம்மன் மேல சத்தியமா?

— அது... ஆடி மாசம், வீராம்பட்டினத்துல தேரு வர நேரம். சும்மா சும்மா அவ பேரை இழுக்கக் கூடாது. நீ பேச்சை மாத்தாத. படத்துக்குப் பதில் சொல்லு.

— சொல்றேன். அந்தக் கேப்டனுக்கு ராக்கெட் உள்ளயே திடீர்னு நெனவு தப்பிப்போச்சு, கீழ வுழுந்துட்டாரு. அவ ஒத்தாசை பண்றா. அவ்ளோதான்.

— ஒத்தாசையா? சாவிக் கொத்து எங்க? கையில இரும்பைக் குடுத்து அழுத்திப் புடிக்க வெப்பாங்களா, இல்ல இப்படி ஒருக்களிச்சிப் போட்டுக் கட்டிப் புடிச்சினு கெடப்பாங்களா?

— அக்கா.

— இன்னா?

— நெனவு தப்பிப்போச்சுன்னுதான் நான் சொன்னேன். வலிப்புன்னு சொல்லவே இல்லையே.

— அந்த போனைக் குடு இப்படி.

— சாவிக் கொத்து எப்படிக்கா உங்க வாயில வந்துச்சு?

— எனக்கு நேரமாவுது. பஸ்ஸு போயிடும்.

— உக்காருங்க. மொதல்ல இந்தத் தண்ணியைக் குடிங்க.

— யாரு சொன்னாங்க உனக்கு? எங்க தெருவுல எந்தப் பாவி வாயைத் தொறந்தான்?

— ஒருத்தரும் சொல்லல. உங்க தெரு ஜனம் உங்க பையனை வுட்டுக் குடுக்கல. எங்க வூட்டுக்காரரு யாசின், தைச்ச துணி போட அரியாங்குப்பம் வருவாரு. பஸ் ஸ்டாப்புல உங்க பையன் வுழுந்ததை அவரே பாத்தாரு. அப்ப யாருன்னு தெரியாது. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு வாசல்ல பாத்துட்டுதான், அந்தப் புள்ளையாச்சேன்னாரு.

— அதை அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?

— சொன்னேன். சொல்லாம இருந்தா அல்லாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?

— முடிஞ்சிது. இதோட மூணாவது எடம் பாயம்மா. ரெண்டு எடத்துல உண்மையைச் சொன்னோம். வேணாம்னுட்டுப் போயிட்டாங்க. ஒருத்தன் வாசல்ல நின்னே, காக்கா வலிப்புக்காரனுக்குப் பொண்ணான்னு சத்தமா கேட்டான். புள்ள உள்ளதான் இருந்தான். அதுக்கப்புறம்தான் இந்தத் தடவை மறைச்சிடலாம்னு நான் சொன்னேன். அவனுக்கு இஷ்டமே இல்ல. பழி என்னுது.

— அழுவாதீங்கக்கா. எங்க வூட்டுக்காரரு இன்னொண்ணும் பாத்தாரு. உங்க பையன் வுழும்போது ஒரு கீரைக்காரம்மா கூடை கவுந்துபோச்சாம். நெனவு வந்து எழுந்த ஒடனே, தன் நெத்தியில ரத்தம் வர்றதைக்கூட தொடைக்கல. கீழ கொட்டிக் கெடந்த கீரையைக் கட்டுக் கட்டாப் பொறுக்கிக் கூடையில வெச்சிட்டு, மன்னிச்சிக்கம்மான்னு சொல்லிட்டுதான் போனாராம்.

— அவன் அப்படித்தான். சின்னதுல இருந்தே.

— அதையும் அவகிட்ட சொன்னேன்.

— அவ இன்னா சொன்னா?

— மறுநாள் ஒரு டாக்டரம்மாகிட்ட போயி கேட்டுட்டு வந்தா. இரும்பு குடுக்க வேணாமாம், கையைக் காலை அழுத்திப் புடிக்க வேணாமாம். தலைக்கு மெத்துனு எதையாவது வெச்சி, காலரைத் தளர்த்தி, ஒரு பக்கமா திருப்பிப் போட்டுக் கூடவே இருந்தா போதுமாம். கை பழகணும்னு வரைஞ்சி வரைஞ்சி பாத்தா. லண்டன்காரருகிட்ட கேட்டு கதையிலயும் சேத்துட்டா. அந்தப் படம்தான் உங்க போன்ல இருக்குறது.

— அப்போ இந்த மூஞ்சி... இரு, கண்ணாடியைப் போட்டுக்குறேன். தாயே! இது எங்க கலையா?

— அத்தைக்கே அடையாளம் தெரியல பாருங்க.

— அவளைப் பெத்தவங்களுக்குத் தெரியுமா இது?

— அவளே சொல்லிட்டா. ரெண்டு நாளு வூட்ல சத்தம். அப்புறம் அடங்கிப்போச்சு.

— அவ முடிவா இன்னாதான் சொல்றா பாயம்மா? எதுவா இருந்தாலும் சொல்லிடு. நான் தாங்கிக்கிறேன்.

— மாப்ள வூட்ல இருந்து யாராவது என்கிட்ட விசாரிக்க வருவாங்க, வந்தா ஒண்ணே ஒண்ணு கேட்டு வைக்கணும்னு சொல்லியிருக்கா. தூக்கத்துல வலிப்பு வந்தா அவரு எந்தப் பக்கமா உருளுவாருக்கா? அந்தப் பக்கம் அவ படுத்துக்குவாளாம்.