நெட் நல்லா இருக்குன்னு அனுப்பின படம்

பிள்ளைகளே, பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள் மத்தியானம், அடி அண்ணாமலை போகிற ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனி கொடுத்த ஹெட்போனைக் கூரியரில் திருப்பி அனுப்பிவிட்டு வருகிறார்களாம். சின்னவள் சொன்னாள்:

“நான் அனுப்பின படமே என் வேலைக்கு உலை வெச்சிடுச்சு அண்ணி.”

“என்னடி படம்?”

“நெட் ஸ்பீடு பாக்கிற டெஸ்ட்டு. வீட்லேர்ந்தே கஸ்டமர்கிட்ட பேசுற வேலையாச்சே, எடுத்து அனுப்புன்னு கம்பெனில கேட்டாங்க. பௌர்ணமி அன்னிக்கு சாயங்காலம் எடுத்தேன். நூறு காட்டுச்சு.”

“நல்லதுதானே?”

“நாம வாடகைக்கு விடுற ரூம்ல தங்கினவங்க எல்லாம் அப்ப கிரிவலம் போயிருந்தாங்க. வீடே காலி. மறுநாள் காலைல நான் வேலைக்கு உக்காந்தா, கால் வலிக்குதுன்னு படுத்துக்கிட்டு ஆளாளுக்கு வீடியோ பாக்கிறாங்க. நீங்கதான் வைஃபை பாஸ்வேர்டை செவுத்துல எழுதி ஒட்டிட்டீங்களே.”

“தங்க வந்தவங்க கேட்டா இல்லேன்னா சொல்றது?”

“கஸ்டமர்கிட்ட பேசப் பேச மூணு தடவை லைன் கட்டாச்சு. படத்தைப் பாத்துட்டு, நெட் நல்லாத்தான் இருக்கு, நீதான் வேணும்னே போனை வெச்சிருக்கேன்னு சொல்லி வேலைய விட்டு நிறுத்திட்டாங்க.”

அண்ணி அவள் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

“வீட்டுக்குப் போனதும் இன்னொரு டெஸ்ட்டு எடுத்து அனுப்பேன். அதைப் பாத்தா நம்புவாங்க.”

“இன்னிக்கு எடுத்தாலும் நல்லாத்தான் காட்டும் அண்ணி. எல்லாரும் நேத்தே ஊருக்குப் போயிட்டாங்களே.”