நொண்டாத வெளிச்சம்

இந்தப் பிரம்புக் கதிரையிலிருந்து எழும்பாமலே, ஒரே மாலையில் நூற்று நாற்பது பேரைக் கைதுசெய்தவன் நான். நீங்கள் சிரிக்கலாம் லோயர் ஐயா. பக்கத்தில் இருக்கிற பலீல் நானா இப்போதே சிரிக்கிறார். பொரளையில் முப்பது வருடம் மணிக்கூடு திருத்தியவர். என் கதைகளில் கால்வாசிக்கு மேல் நம்புவதில்லை என்று விரதம் பிடிப்பவர்.

"நூத்தி நாப்பதா? இந்த ஒழுங்கையில ஆளெண்ணினா அறுவது வராது."

"பூனையளையும் சேர்த்து, நானா."

சிவக்கொழுந்து மாஸ்டரின் மனைவி கனடாவிலிருந்து உங்களை நியமித்திருக்கிறா. அவருக்குக் கடைசியாக என்ன நடந்தது என்று கேட்கிறா. சொல்கிறேன். ஆனால் லைட் பாரிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதோ, அலுமாரிக்கு மேலே இருக்கிறது பாருங்கள். எழுபதுகளில் பொலிஸ் கார் ஒன்றின் கூரையில் இருந்தது. இரண்டு பக்கமும் நீலக் கண்ணாடி, உள்ளே சுழலும் விளக்கு.

பஞ்சிகாவத்தைப் பழைய இரும்புக்குள் அதைக் கண்டபோது அழுதுவிட்டேன். தொண்ணூற்றேழில் ஒரு தமிழன் பொலிஸ் சாமானோடு பஸ் ஏறினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான் நேரே மீன் சந்தைக்குப் போய் என்னளவு உயரமான அறுக்குளா மீன் ஒன்றை வாங்கி, வால் மட்டும் வெளியே தெரிய, இரண்டையும் ஒரே சாக்கில் சுற்றிக்கொண்டு பதினேழு சோதனைச் சாவடிகளைத் தாண்டி வெள்ளவத்தைக்கு வந்தேன். கடைசிச் சாவடியில் மீனின் விலையைக் கேட்டு, மலிவு என்று பாராட்டினார்கள்.

துறைமுகத்தில் மின்வேலை பார்த்த கை பென்ஷன் வந்தபிறகு சும்மா இருக்குமா? ஏழு மாதம் உழைத்தேன். துருவைச் சுரண்டினேன், வயர் மாற்றினேன், என் மனைவி கனகேஸ்வரியின் பற்பசையால் கண்ணாடியை மினுக்கினேன். ஒன்றே ஒன்றுதான் குறை. உள்ளே ஒரு பற்சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் வெளிச்சம் ஒரு கணம் தடுமாறி, பிறகு ஓடும். நொண்டும்.

"இந்தப் பல்ல இனி ஆராலயும் செய்யேலாது ஐயா," என்றார் பலீல் நானா.

"நான் செய்வன்."

"நீங்க செய்வீங்க, நான் சந்திரனுக்குப் போவேன்."

முதல் நாள், மாலை ஆறு மணிக்கு, பல்கனிக் கட்டுச்சுவருக்குப் பின்னால் நிலத்தில் வைத்து சுவிட்சைப் போட்டேன். எதிர்ச் சுவர்களில் நீலம் ஓடியது. ஒழுங்கையில் ஒரு டிவி வாயை மூடியது. பிறகு எல்லா டிவிகளும். கதவுகள் திறந்தன. சுற்றிவளைப்பு என்று நினைத்து, அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் கையில் பிடித்தபடி சனம் வரிசையாக வாசலில் வந்து நின்றது. ஒருவர் முகத்தில் சவர நுரையோடு நின்றார். யாரும் அவர்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அத்தகைய ஒழுக்கத்தை என் வாழ்நாளில் கண்டதில்லை.

சிவக்கொழுந்து மாஸ்டர் மட்டும் வாசலுக்கு வரவில்லை. எதிர்வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்தார். யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியார். முழங்காலில் ஷெல் பட்ட தழும்பு. அதைக் கண்டால் இயக்கமோ என்று ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்ற பயத்தில் பொலிஸ் பதிவைப் புதுப்பிக்கப் போகவில்லை. விசா வந்துவிட்டது, மூன்று கிழமையில் பிளேன். நீலத்தைக் கண்டதும் சாரத்தை மடித்துக் கட்டி, பக்கத்து மதில் ஏறி, அடுத்த வீட்டுப் பலீல் நானாவின் குசினிக்குள் குதித்தார். முஸ்லிம் வீடு என்பதால் அதை அவ்வளவாகச் சோதிப்பதில்லை. நானாவின் மனைவி ஜவாஹிறா தேத்தண்ணி கொடுத்தாவாம்.

விஷயம் தெரிந்ததும் ஒழுங்கை என்னைத் திட்டியது. நான் நிறுத்தவில்லை, கலைஞனுக்குச் சோதனை ஓட்டம் வேண்டும். கடைசியில் பலீல் நானாதான் எல்லாருக்கும் பாடம் எடுத்தார்: "நொண்டினா நாகேந்திரம் ஐயாட லைட். நொண்டல்லாட்டி மதில் பாயுங்க." இரண்டு கிழமைக்குள் என் லைட்டைக் கண்டு ஒரு பூனைகூடத் திரும்பிப் பார்க்காத நிலை. நான் மனம் நொந்துபோனேன். பல்லைச் செய்துவிட்டேன், நாளைக்குப் பூட்டுவேன், நாளைக்குப் பூட்டுவேன் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை ஆறு மணி இருக்கும். கடற்கரை ரயில் இரைந்துகொண்டு போனது. நான் பல்கனியில் நிற்கிறேன். என் லைட் காலடியில் அணைந்து கிடக்கிறது. ஒழுங்கையின் வளைவில், ஜாம் மரத்துக்கு அங்காலே, எதிர்ச் சுவர்களில் நீலம் ஓடத் தொடங்கியது. ஒரு தடுமாற்றம் இல்லை. நெய் வழிவதுபோல ஓடியது. ஜீப்பின் முன்மூக்கு என் இடத்திலிருந்து தெரிந்தது. மாஸ்டரின் ஜன்னலிலிருந்தோ மதிலடியிலிருந்தோ தெரியாது.

அவர் கீழே ஓடிவந்து ஒரு காலை மதிலில் வைத்துவிட்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணை, இண்டைக்கு நொண்டேல்லை! பல்லைப் பூட்டிப் போட்டியளோ?"

ஏழு மாத உழைப்பு ஐயா. கணக்குப் படித்த மனிதர், அசலைப் பார்த்துவிட்டு என்னுடையது என்கிறார். அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

நான் தலையை ஆட்டினேன். லேசாக, அடக்கத்தோடு.

அவர் காலை இறக்கி, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அறைக்குப் போய் ரேடியோவைப் போட்டார். ஐந்து நிமிடத்தில் கூட்டிக்கொண்டு போனார்கள். எந்த ஸ்டேஷனிலும் அவருடைய பெயர் இல்லை. இரண்டு வருடமாகிறது. நான் செய்தது ஒரு பாராட்டைத் திருத்தாமல் விட்டது மட்டும்தான்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். என்னுடைய புளுகில் ஒன்று என்று நினைக்கிறீர்கள். பலீல் நானாவும் இரண்டு வருடமாக அப்படித்தான் சொல்கிறார்: நான் ஆட்டியிருக்க மாட்டேனாம், சும்மா பெருமைக்குச் சொல்கிறேனாம். கேளுங்கள் அவரை.

"நானா, சொல்லுங்கோவன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.

"ஆட்டின. நான் பாத்தேன். லைட் நொண்டல்ல எண்டு அவருக்குப் குசினிக் கதவத் தொறந்து வெச்சிட்டு நிண்டேன். நீங்க தலையாட்டின. அதப் பாத்துத்தான் நான் கதவச் சாத்தின."

பார்த்தீர்களா? நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. பலீல் நானா என்னை முழுதாக நம்பிய ஒரே நாள் அது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.